தேருக்கு விலகிய மூலை

யானை பேச, அதற்குக் கட்டடமும் மறுமொழி சொன்ன அந்தக் காலத்தில், ஒரு சிற்றூரின் கடைவீதி வழியே ஆண்டுதோறும் தேர் ஓடியது. கோயில் யானை கோமளவல்லி பின்னாலிருந்து நெற்றியால் தள்ளுவாள். இப்போது மூப்பு வந்துவிட்டது. நெற்றித் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. தேரை நிலையில் சேர்த்துவிட்டுக் கொட்டிலில் படுக்க வேண்டும். பெருமானிடம் அவள் வேண்டியது அவ்வளவே.

தென்மேற்கு மூலையில் தேர் நின்றுவிட்டது. அங்கே, கீழே கடைகளும் மேலே சுதைக்கிளிகள் அமர்ந்த மாடமுமாக வளையல் வணிகர் ஒருவரின் மாளிகை இருந்தது. சுவாமியின் பார்வை முதலில் தம் வீட்டின்மேல் விழ வேண்டும் என்ற பக்தியில், அவர் மூலைத் தூணை வீதிக்குள் நீட்டிக் கட்டியிருந்தார். தேர்ச் சக்கரம் அதில் முட்டிக்கொண்டது.

“இன்னும் ஒரே ஒரு தம், தாயி!” என்றான் பாகன் சாத்தப்பன். அவன் குரலும் கம்மியிருந்தது.

“தூணை இடிச்சுத் தள்ளச் சொல்லுய்யா!” என்று வடம் பிடித்தவர்கள் கத்தினர்.

மாளிகை சிரித்தது. “பார்த்தாயா கோமளம்? எல்லா வாசலையும் கடந்து போகிறவர் என் வாசலில் மட்டும் தங்குகிறார்.”

“தங்கவில்லையடி, மாட்டிக்கொண்டு நிற்கிறார். இந்த உச்சி வெயிலில் அவருக்கு நைவேத்தியம் உன் பெருமைதானா?”

இடிக்க அவளுக்குத் தெம்பில்லை. சுற்றி வந்து, தூணில் நெற்றியைச் சாய்த்துக் கண்களை மூடினாள். வெள்ளைச் சுண்ணாம்பில் இரத்தம் படிந்தது.

“இடிக்கப் போகிறாயா?”

“இல்லை. கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன்.”

அவளுடைய களைப்பின் கனம் முழுவதும் மாளிகையின் அடித்தளம் வரை இறங்கியது. மாளிகை மெல்லக் கேட்டது: “இத்தனை வலியோடா அவரை என் வாசலுக்குக் கொண்டு வந்தாய்?”

“வருஷா வருஷம்.”

“தள்ளி நில், கோமளம்.”

மாளிகை தன் தூணைத் தானே உதறியது. சுதைக்கிளிகள் உதிர்ந்தன, இரு சுவர்களும் கூடிய முனை சரிந்து, அங்கே குறுக்காக ஒரு புதிய சுவர்முகம் தோன்றியது. கோமளவல்லி பின்னால் போய்த் தள்ள, தேர் திரும்பியது. பாதி திரும்புகையில் பெருமான் அந்த முகத்துக்கு நேர் எதிரே வந்தார்.

“நேராகவே பார்க்கிறார், கோமளம்! என்னையே பார்க்கிறார்!”

கோமளவல்லி நிமிரவில்லை. நிலைக்கு இன்னும் ஒரு வீதி இருந்தது. மறுபடி நெற்றியைக் கொடுத்தாள்.

தேர் திரும்பும் மூலைகளில் பழைய கட்டடங்கள் தம் முனையைத் தறித்துக்கொண்டு குறுக்கே முகம் காட்டி நிற்பது அன்று முதல்தான்.