சோடா மூடிகளுக்கு நடுவே

ஆவுடையப்பன் முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மணலுக்குள் உலோகம் கிடந்தால் கூவுகிற மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஞாயிறுதோறும் மணப்பாட்டுக் கடற்கரைக்கு வர ஆரம்பித்தார்.

அதே பைத்தியம் முன்பே பிடித்த ஒருத்தி அந்தக் கரையில் இருந்தாள். பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்தொன்று. வாரத்தில் ஆறு நாள் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பாள். ஏழாம் நாள் கோயில் பூசை முடிந்ததும் மிஷினோடு மணலில் இறங்கிவிடுவாள். தொலைந்த மோதிரம், கொலுசு, மூக்குத்தி என்று அவள் தேடிக்கொடுத்தவை பல. ஆவுடையப்பன் அவளையே குருவாக வரித்துக்கொண்டார். ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். நாளாக ஆகக் கேலி தானாக உதிர்ந்துவிட்டது.

சீடருக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. குப்பை.

மிஷின் கூவும். மனிதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஓட்டை போட்ட கரண்டியால் மணலை அள்ளிச் சலிப்பார். சோடா மூடி வரும். அடுத்த இடத்தில் துருப்பிடித்த ஆணி. அதற்கடுத்து ஊக்கு, மாத்திரை அட்டை, தூண்டில் முள். ஒரு காலையில் நாற்பது தடவை உட்கார்ந்து எழுந்தால் முப்பத்தெட்டு தடவை இதுதான் கதி. வந்ததைத் திரும்பக் குழியிலேயே போட்டு, காலால் மண்ணைத் தள்ளி, திட்டிக்கொண்டே நகர்வார்.

“டீச்சரம்மா, இந்தக் குப்பைய எப்படித் தவிர்க்கிறது?”

ஜெசிந்தா குனிந்தாள். அவர் மூடிய குழியை மறுபடி தோண்டி, ஆணியை எடுத்துத் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் அதே கேள்வியைக் கேட்டார். அவள் அதேபோல இன்னொரு குழியைத் தோண்டினாள்.

“இதுக்குப் பேரு பதிலாம்மா?”

“எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் சார்.”

குருவிடம் கிடைக்காத பதில் மிஷினோடு வந்த புத்தகத்தில், இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தது. ஒரு பொத்தானை மூன்று தடவை அழுத்தினால் போதும். இரும்புக்கும் தகரத்துக்கும் மிஷின் வாயே திறக்காது. படிக்கிற பிள்ளைகளை முன்பெஞ்சில் உட்கார வைத்து, மற்றவர்களைச் சுவரோரம் தள்ளியே காலம் கழித்த மனிதருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. குருவிடம் மூச்சு விடாமல் பொத்தானை அழுத்திவிட்டார்.

அன்றைய ஞாயிற்றுக்கிழமை முழங்காலுக்கு ஓய்வு. மிஷின் சமர்த்தாக இருந்தது. ஆவுடையப்பன் மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பஜ்ஜிக் கடைப் பந்தல் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் புருஷன். அவன் தோளில், தலை மழித்துச் சந்தனம் பூசிய பெண் குழந்தை ஒன்று. நான்கு வயது இருக்கும்.

“ஐயா, இது நகை தேடுற மிஷின்தானே? எங்க பாப்பாவோட காது மிஷின் விழுந்துருச்சுங்கய்யா!”

அந்தப் பெண் செண்பகம், சாத்தூர்க்காரி. குழந்தை அகிலாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தலைக்குள் ஆபரேஷன் செய்து ஒரு பாகத்தை வைத்திருக்கிறார்கள். வெளியே மாட்டுகிற பாகம் இன்னொன்று. முந்திரிக்கொட்டை அளவில் காதுக்குப் பின்னால் உட்காரும். அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் நுனியில் தலையோடு ஒட்டிக்கொள்கிற காந்த வட்டு. அது இருந்தால்தான் குழந்தைக்குச் சத்தம் கேட்கும். மூன்று மாதமாகத்தான் ‘ம்மா’ என்று சொல்கிறாள். அதற்காகத்தான் திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார்கள். மொட்டை அடிக்கும்போது கழற்றியதை, சந்தனம் காயட்டும் என்று செண்பகம் முந்தானையில் முடிந்து வைத்தாள். அப்படியே வேனில் மணப்பாட்டுக் கடலையும் பார்க்க வந்தவர்கள், பந்தலடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எழுந்து பார்த்தால் முடிச்சு அவிழ்ந்து கிடக்கிறது.

“இன்னொண்ணு கிடைக்க வருஷக்கணக்கா ஆகும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்கய்யா,” என்றான் புருஷன் மாரிக்கண்ணு. “அதுவரைக்கும் இவ பேசுன பேச்செல்லாம் மறந்துருவா.”

பஜ்ஜிக் கடைக்காரர் தன் பங்குக்குப் பயமுறுத்தினார். “இன்னைக்குப் பௌர்ணமி. நாலு மணிக்கெல்லாம் கடல் பந்தக்கால் வரைக்கும் ஏறிரும். உப்புத்தண்ணி பட்டுச்சுன்னா அவ்வளவுதான்.”

ஆவுடையப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டார். பந்தலடியில் அங்குலம் அங்குலமாக மிஷினை வீசினார். வடக்கிலிருந்து தெற்கே ஒரு தடவை, கிழக்கிலிருந்து மேற்கே ஒரு தடவை. மிஷின் ஒரு முனகல்கூட முனகவில்லை.

“இங்க இல்லம்மா,” என்றார், பரீட்சை முடிவைச் சொல்கிற குரலில். “வேற எங்கயோ விழுந்திருக்கு. வேன்ல தேடுங்க.”

செண்பகம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மாரிக்கண்ணு வேனைப் பார்த்து ஓடினான். குழந்தை எதுவும் தெரியாமல் பஜ்ஜிக் கடை நாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாறைப் பக்கம் இருந்த ஜெசிந்தா ஆள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். பிறகு சீடரைப் பார்த்தாள்.

“சார், எத்தனை தடவை பாத்தீங்க?”

“ரெண்டு தடவை. சுத்தமா ஒண்ணும் இல்ல.”

“இந்தப் பந்தலடியிலயா? உங்க மிஷின் கத்தவே இல்லையா?”

“குப்பைக்குக் கத்தாத மாதிரி வச்சிருக்கேன்.”

ஜெசிந்தா கோபப்படவில்லை. குனிந்து அவர் மிஷினின் பொத்தானை மூன்று தடவை அழுத்தி, பழையபடி எல்லாவற்றுக்கும் கூவ வைத்தாள். மிஷினைப் பந்தலுக்கு அடியில் நீட்டினாள்.

அது ஊரைக் கூட்டியது. இங்கே கீச்சென்றது, அங்கே டொர்ரென்றது, ஒரு சாண் நகர்த்தினால் இரண்டையும் சேர்த்து அலறியது. எத்தனையோ வருஷத்து சோடா மூடிகள் மொத்தமும் அந்தப் பந்தலுக்குக் கீழே குடியிருந்தன.

ஆவுடையப்பனின் முகம் செத்துப்போயிற்று. ‘இங்க இல்லம்மா’ என்று தான் சொன்ன சொல் அவரையே குத்தியது.

“இப்ப என்னம்மா செய்ய?”

“தோண்டுங்க சார்.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

அவர் கரண்டியை எடுத்தார். கடல் பக்கம் குரு, கரைப் பக்கம் சீடர். மிஷின் கூவிய இடத்திலெல்லாம் அள்ளினார்கள், சலித்தார்கள். வந்தது எதுவும் மறுபடி மண்ணுக்குள் போகவில்லை. ஒவ்வொன்றும் பஜ்ஜிக் கடைச் சட்டியில் விழுந்தது. மூடி, ஆணி, கம்பி, மூடி, மூடி. வேனில் தேடித் தோற்ற மாரிக்கண்ணு திரும்பி வந்து கையாலேயே மணலை வாரினான். கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெய்க் கரண்டியோடு இறங்கினார். சட்டி நிறைந்து, அடுத்த சட்டி வந்தது.

மூன்றே முக்காலுக்கு முதல் அலை பந்தக்காலை நனைத்தது.

“கரைப் பக்கம் போங்க!” என்று ஜெசிந்தா கத்தினாள். அவளும் அங்கே வந்து சேர்ந்தாள்.

ஆவுடையப்பனுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. உட்கார்ந்து எழ முடியாமல், உட்கார்ந்தபடியே நகர்ந்தார். மிஷின் கூவியது. இரும்புக் கூவல், ஆறு மாதமாக அவர் வெறுத்த அதே அசிங்கமான கூவல். அள்ளினார். சலித்தார். கரண்டியில் ஒரு சோடா மூடி. பழக்க தோஷத்தில் அதைப் பார்க்காமலேயே சட்டியில் போடக் கை போயிற்று.

மூடி கொஞ்சம் கனத்தது. கீழே ஒரு ஒயர் தொங்கியது.

காந்த வட்டு அந்தத் துருமூடியைக் கவ்விக்கொண்டிருந்தது. சுற்றிலும் கருமணல் தாடி மாதிரி ஒட்டியிருந்தது. ஒயரின் மறுமுனையில் அந்த முந்திரிக்கொட்டை, ஒரு சொட்டு ஈரம் படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

முப்பத்தாறு வருஷத்தில் எந்த வகுப்பிலும் போடாத சத்தத்தை ஆவுடையப்பன் அப்போது போட்டார். “கெடைச்சிருச்சு! டீச்சரம்மா, கெடைச்சிருச்சு!”

ஜெசிந்தா பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். “உதறாதீங்க சார், உள்ள மண்ணு போயிரும்.” மூடியைப் பிரித்தெடுத்து, ஊதி, துணியால் ஒற்றி, பூப்போல நீட்டினாள். மாரிக்கண்ணு பையிலிருந்த புது பேட்டரியை மாற்றினான். கடுகளவு பச்சை விளக்கு மினுங்கியது.

செண்பகம் அதைக் குழந்தையின் காதுக்குப் பின்னால் மாட்டினாள். வட்டு மொட்டைத் தலையின் சந்தனத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் எழுந்து நான்கு அடி பின்னால் போனாள்.

“அகிலா…”

குழந்தை திரும்பியது.

“ம்மா!”

பந்தலடி அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மாரிக்கண்ணு ஜெசிந்தாவின் காலில் விழப்போனான். அவள் துள்ளி விலகிக்கொண்டாள். கடைக்காரர் அடுப்பை மறுபடி பற்றவைத்து, இன்றைக்கு எல்லாருக்கும் பஜ்ஜி என் செலவு என்று அறிவித்தார். ஆவுடையப்பன் மணலில் உட்கார்ந்தபடி வெட்கமில்லாமல் அழுதார்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அப்பாவின் கையை விட்டு இறங்கி, மிஷினைக் கை காட்டியது. ஜெசிந்தா சிரித்தாள். குழந்தையைத் தள்ளி நிறுத்தினாள். சட்டியிலிருந்த மூடி, ஆணி, ஊக்கு எல்லாவற்றையும் ஒரு கோணியில் கொட்டி, அதன்மேல் மிஷினைத் தடவினாள்.

கீச்… டொர்ர்… கூ…

குழந்தையின் கண்கள் விரிந்தன. கையைத் தட்டி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. விரலை நீட்டி, இன்னொரு தடவை என்று சைகை காட்டியது. ஜெசிந்தா தடவினாள். இன்னொரு தடவை. மறுபடியும் தடவினாள்.

ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் குழந்தைக்குத் தான் செய்யப் பார்த்த அநியாயத்துக்கு ஏதாவது நல்லது செய்தாக வேண்டும்போல இருந்தது. விரலிலிருந்த தங்க மோதிரத்தைக் கழற்றினார்.

“பாப்பா, அது குப்பைச் சத்தம். நல்ல சத்தம் எப்படி இருக்கும்னு தாத்தா காட்டுறேன், பாரு.”

மோதிரத்தை மணலில் வைக்கப்போன அவர் கையை ஜெசிந்தா மெல்லப் பிடித்து நிறுத்தினாள்.

“பொறுங்க சார். அவ இதை இன்னும் கேட்டு முடிக்கலையே.”