கண்ணைக் கட்டிய நீதிபதி

ஆள் முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டுதான் உட்காருவார் நீதிபதி பிறவிப்பெருமாள். சொந்த ஊர் திருநெல்வேலி. என்ன மாயமோ, அவரிடம் நெல்லைக்காரர்கள் தோற்றதே இல்லை.

உப்பு விற்கும் தாராபுரத்துப் பொன்னாத்தாளின் கழுதையை ஒரு நெல்லை வியாபாரி ஓட்டிப்போய்விட்டான். வழக்கில் அவள் நெல்லைப் பேச்சிலேயே பேசி முந்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, களுத என்னோடதுல்லா! இவிய பத்திட்டுப் போயிட்டாவ!"

"நம்ம ஊர்ப்பிள்ளை பொய் சொல்லாது. கழுதை இவளுக்கே!" என்றார் நீதிபதி.

வியாபாரி பதறினான். "ஐயா, அவ தாராபுரத்துக்காரி! நாந்தான் நம்ம ஊரு!"

சபை சிரித்தது.

"கழுதை யாருதுன்னு கேட்டா ஊரைச் சொல்றாருங்க," என்றாள் பொன்னாத்தாள். "கண்ணைக் கட்டுனீங்க, காதை உட்டுட்டீங்களேங்க. கழுதையவே அவுத்து உடுங்க. அதுக்கு உங்க ஊரு தெரியாதுங்க."

அவிழ்த்துவிட்டார்கள். கழுதை நேரே வந்து அவள் தோளில் மூக்கை உரசியது. நீதிபதி அதைக் கண்ணால் பார்த்தார். துணி அவர் மடியில் கிடந்தது.