இரண்டாம் வருசத்துக்கு மூன்று பக்கம்

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டுமா என்ன? வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் அங்கயற்கண்ணிக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யன் டாக்டர் பூபாலனுக்கு முப்பத்து மூன்று.

இதென்ன தலைகீழாக இருக்கிறதே என்றால், அதற்கும் கதை உண்டு. பல் மருத்துவக் கல்லூரியில் பூபாலன் அவளுக்கு இரண்டு வருசம் மூத்தவன். முதல் வருசம் எழுபத்து நாலு சதவீதம் வாங்கினான். இரண்டாம் வருசம் இரண்டு பாடத்தில் பெயில். மறுபடி எழுதினான், மறுபடி பெயில். நாலு தடவை விழுந்து ஐந்தாவது தடவை எழுந்தபோது, பின்னால் வந்த அங்கயற்கண்ணி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவள் மேல்படிப்பு முடித்து ஆஸ்பத்திரி திறந்தாள். மூன்றாம் வருசம் அறுபத்தெட்டு, கடைசி வருசம் எழுபத்திரண்டு என்று கரையேறிய பூபாலன் அவளிடமே உதவி டாக்டராக வந்து சேர்ந்தான். அவன் அவளை மேடம் என்பான். அவள் அவனை இன்றைக்கும் சீனியர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவனுக்கும் மேல்படிப்பு ஆசை விடவில்லை. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டான். ஒரு ஆள் ஆயுசுக்கு மூன்று தடவைதான் போடலாம் என்பது அங்கே சட்டம். இரண்டு தடவை "வருந்துகிறோம்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இது மூன்றாவது. இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணியோடு கதவை மூடிவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'உங்கள் மதிப்பெண்கள் சீராக இல்லாததற்கு விளக்கம் இருந்தால் எழுதவும்.' முதல் இரண்டு தடவையும் அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தான். இந்தத் தடவை விடுவானா? மூன்று பக்கம் எழுதி நிரப்பிவிட்டான்.

மத்தியானம் மூன்று மணிக்கு அதை எடுத்துக்கொண்டு குருவிடம் போனான்.

"மேடம், விண்ணப்பத்தைப் பலப்படுத்த இதுல இன்னும் என்ன சேர்க்கலாம்?"

அவள் காகிதத்தைத் தொடவில்லை.

"வெளியே ஒச்சப்பன் அண்ணன் உட்கார்ந்திருக்கார். முதல்ல அவரைக் கூப்பிடுங்க சீனியர்."

ஒச்சப்பன் மதுரை பஸ்ஸில் கண்டக்டர். முந்தாநாள் அவருடைய சொத்தைப் பல்லைப் பூபாலன்தான் அடைத்து அனுப்பினான். சிரித்துக்கொண்டு போன மனுசன் இன்றைக்குத் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"வலிக்குதாண்ணே?"

"அந்த வலி போயிருச்சு டாக்டரம்மா. ஆனா வாயை மூட முடியல. ஒரு பக்கம் முட்டுக்கொடுத்த மாதிரி நிக்குது. இருபது வருசமா வாயை மூடுய்யா, வாயை மூடுய்யான்னு கத்துன வீட்டுக்காரி, இப்ப ஏன்யா மூட மாட்டேங்கிறேன்னு கேக்குறா. ரெண்டு நாளா கஞ்சிதான். விசில் ஊதுனா வெறும் காத்து வருது. நேத்து நிலக்கோட்டையில எறங்க வேண்டிய ஒரு குடும்பத்தை வாடிப்பட்டி வரைக்கும் கொண்டுபோய்ட்டோம். அந்தம்மா என்னைப் பேசின பேச்சு இருக்கே!"

அவரைச் சேரில் சாய்த்தார்கள். பூபாலன் விளக்கைத் திருப்பிப் பார்த்தான். அடைத்த பல் வழவழவென்று மின்னியது. அவனுக்கே பெருமையாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு மேடம்? பள்ளம் இருந்த இடமே தெரியல."

"அதைத்தான் நானும் பார்க்கிறேன்."

அவள் நீலக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்தாள். பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தால், எங்கே அதிகமாக முட்டுகிறதோ அங்கே அழுத்தமாக மை ஒட்டும். பல் டாக்டர்கள் எல்லாரிடமும் இருக்கிற சாமான்தான்.

"கடிங்கண்ணே. இன்னொரு தடவை. ஆ காட்டுங்க. சீனியர், மை எங்க ஒட்டியிருக்கு?"

பூபாலன் குனிந்து பார்த்தான். "நான் அடைச்ச இடத்துல."

"வேற எங்கயாவது?"

"வேற எங்கயும் இல்ல."

"சரி, நான் தேய்க்கிறேன். நீங்க உங்க மூணு பக்கத்தை வாசிங்க."

"பேஷண்ட் முன்னாடியா மேடம்?"

"அவர் காது சும்மாதானே இருக்கு."

மெஷின் கொர்ரென்று ஓட ஆரம்பித்தது. இங்கிலீஷில் எழுதியதைப் பூபாலன் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். முதல் பக்கத்தில் அவனுக்குச் சிக்குன்குனியா, அப்பாவுக்கு ஆப்பரேசன், விடுதிச் சாப்பாட்டால் வயிற்றுக் கோளாறு. இரண்டாம் பக்கத்தில் பாடம் எடுத்தவர் பாதியில் மாற்றலாகிப் போனார், வைகையில் வெள்ளம் வந்தது, அப்பாவுக்கு மறுபடியும் ஆப்பரேசன்.

ஒச்சப்பன் கையைத் தூக்கினார். மெஷின் நின்றது.

"என்னண்ணே, வலிக்குதா?"

"இல்லம்மா, ஒரு சந்தேகம். சார், உங்கப்பாவுக்கு என்ன ஆப்பரேசன்?"

பூபாலன் காகிதத்தைப் பார்த்தான். காகிதத்தில் அது இல்லை.

"கண் புரை."

"ரெண்டாவது?"

"இன்னொரு கண்ணு."

"நல்லா இருக்காரா?"

"இருக்கார். ஊசியில நூல் கோக்குறார்."

"நல்லது, நல்லது" என்று ஒச்சப்பன் மறுபடி வாயைத் திறந்தார்.

மூன்றாம் பக்கம் இன்னும் உருக்கமாக இருந்தது. பொடியனாக இருந்தபோதே பல்லின் மீது தனக்கு ஏற்பட்ட தீராத காதலைப் பற்றிப் பூபாலன் அதில் எழுதியிருந்தான். அந்த இடத்தில் கண்டக்டர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் இருபத்தாறு வருசமா டிக்கெட் கிழிக்கிறவன். டிக்கெட் எடுத்தவன் கேட்டா நீட்டிட்டு மறுபடி தூங்கிருவான். எடுக்காதவன்தான் நிலக்கோட்டையில ஆரம்பிச்சு மதுரை வர்ற வரைக்கும் கதை சொல்வான்."

பூபாலனுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"சேச்சே! எல்லாம் நடந்திருக்கும் சார். வெள்ளம் நான் பார்த்த வெள்ளம்தான். ஆனா நீங்க எதுனால பெயிலானீங்க?"

இந்த மனுசனுக்கு எதற்கு இந்த வேலை? பல்லைக் காட்ட வந்தால் பல்லைக் காட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே? பூபாலன் குருவைப் பார்த்தான். அவள் மெஷின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றுகிற உத்தேசம் அவளுக்கு இருந்த மாதிரி தெரியவில்லை. பதினாலு வருசமாக யாரிடமும் சொல்லாததை இந்தக் கண்டக்டரிடமா சொல்வது என்று அவனுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

"படிக்கலண்ணே" என்றான்.

"ம்."

"முதல் வருசம் மார்க்கு வந்ததும் திமிரு. எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு புத்தகத்தைத் தொடல. ஒரு வருசம் முழுக்க கேரம்போர்டு ஆடினேன். பெயிலானதும் அவமானத்துல வகுப்புக்கே போகல. போகாததால மறுபடியும் பெயிலு."

"அப்புறம் எப்படிப் பாசானீங்க?"

"ஜூனியர் பசங்களோட முதல் பெஞ்சுல போய் உட்கார்ந்தேன். தாத்தா, தாத்தான்னு கூப்பிட்டாங்க. கூப்பிட்டுட்டுப் போகட்டும்னு தினமும் போய் உட்கார்ந்தேன். வேற ஒண்ணும் பண்ணல."

"சின்னப் பசங்க தாத்தாங்குறதா? யாரு சார் அப்படி மொதல்ல ஆரம்பிச்சது?"

"நான்தான்" என்றாள் அங்கயற்கண்ணி. "கடிங்கண்ணே."

ஒச்சப்பன் கடித்தார். வாயைத் திறந்தபோது நீலம் எல்லாப் பல்லிலும் சின்னச் சின்னப் புள்ளியாகப் பரவி ஒட்டியிருந்தது. அடைத்த பல்லில் பள்ளம் பள்ளமாக, பல்லுக்கு உரிய வடிவம் திரும்ப வந்திருந்தது. அவர் மெதுவாக வாயை மூடினார். மூடியது. இரண்டு நாளைக்கு அப்புறம் மூடிய வாயைத் திறக்கவே அவருக்கு மனசில்லை. கும்பிடு போட்டுவிட்டு, படியில் இறங்கும்போது சோதனைக்கு ஒரு விசில் கொடுத்தார். கீழே புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்த கொடைக்கானல் பஸ் கிறீச்சென்று நின்றது.

"யோவ், எவன்யா அது?" என்று டிரைவர் கத்தியது மாடி வரைக்கும் கேட்டது.

மணி நாலு. பூபாலன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். சிக்குன்குனியாவை அழித்தான். ஒரு கண் ஆப்பரேசனை அழித்தான், கொஞ்சம் யோசித்து இன்னொரு கண்ணையும் அழித்தான். வெள்ளம் வடிந்தது. தீராத காதலை அழிக்கத்தான் அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைசியில் நாலே வரி எழுதினான்.

'இரண்டாம் ஆண்டில் நான் படிக்கவில்லை, தோற்றேன். வெட்கத்தில் ஒரு வருடம் வகுப்புக்குப் போகவில்லை. பிறகு என்னைவிட இளையவர்களோடு முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தேன். அதன்பின் எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை.'

மூன்று பக்கம் இருந்த இடத்தில் அது அநாதை மாதிரி நின்றது. இதற்குப் பழையபடி காலியாகவே விட்டிருக்கலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. மணி நாலே முக்கால் ஆகியும் அனுப்புகிற பொத்தானை அழுத்த அவனுக்குக் கை வரவில்லை.

"மேடம், எனக்குப் பயமா இருக்கு."

சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு தடவை தள்ளிட்டாங்க. இதுதான் கடைசி. இதுல போய் நானே என் வாயால, படிக்காதவன், பெயிலானவன்னு எழுதிக் கொடுக்கிறேன். இதைப் படிச்சதுக்கு அப்புறம் யார் மேடம் என்கிட்ட வந்து வாயைத் திறப்பாங்க?"

அங்கயற்கண்ணி குழாயை மூடினாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். முகக்கவசத்தை எடுத்தாள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, முன்னே ஒச்சப்பன் படுத்திருந்த சேரில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

"கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தின பல்லு. பத்து நாளா கூசுது. அடைக்கணும்னு நினைக்கிறேன்."

பூபாலனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மதுரையில உங்க புரொபசர் இருக்காரே மேடம். அவர்கிட்ட காட்டலாமே?"

"காட்டலாம்."

"இப்பத்தானே ஒச்சப்பன் அண்ணன் பல்லைக் கெடுத்து வச்சேன்? நீங்களே பார்த்தீங்களே?"

"பார்த்தேன்" என்று அவளே கையை நீட்டி விளக்கைத் தன் முகத்துக்கு நேராக இழுத்துக்கொண்டாள். "அதை அனுப்பிட்டு, கையைக் கழுவிட்டு வாங்க."

வாயைத் திறந்தாள்.