தொண்ணூறில் நின்ற முள்

தங்கமணி மெக்கானிக்குக்கு முப்பத்து நாலு வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ளும் சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபத்து மூன்று. தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்ந்த மனிதர், எட்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் பொள்ளாச்சியில் அவள் பட்டறைக்கு வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நடுரோட்டில் கார் நின்றால் அவர்களா வரப்போகிறார்கள்?

அவர் கற்க வந்ததற்குக் காரணம் உண்டு. மனைவி நாகரத்தினத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பதினெட்டு வருஷத்துப் பழைய கார்தான் அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. போன்தான் வந்தது.

"அம்மணி, ஒண்ணு முடிஞ்சு போச்சுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"எதுங்கய்யா முடிஞ்சுது?"

"இஞ்சினுங்க. மேடு ஏற மாட்டேங்குது. கம்ப்ரஷன் செக் பண்ணிப் பார்த்துட்டேன். நாலு சிலிண்டரும் தொண்ணூறு. நூத்தி அம்பது காட்டணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"நாலுமா?"

"நாலுந்தாங்க. வயசாயிருச்சு. சாயந்திரம் பழைய வண்டி உடைக்கறவன் வர்றான். நாகரத்தினத்தை அவங்கண்ணன் வீட்டுல விட்டர்றேன். ஆஸ்பத்திரி அங்க பக்கம்."

குரலில் அழுகை இல்லை. அழக்கூடத் தெம்பில்லாத குரல் அது. தங்கமணி பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டு முன்கூடத்தில் நாகரத்தினத்தின் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. வாசல் நிழலில் கார் பானெட் திறந்தபடி நின்றது.

"எப்படிப் பார்த்தீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றாள்.

நாலு பிளக்கையும் முன்பே கழற்றியிருந்தார். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்திருந்தார், காயில் ஒயரையும் உருவியிருந்தார். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் கேஜை முதல் ஓட்டையில் முறுக்கினார். சுற்றி ஓடிப்போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஆறேழு சுற்று சுற்றியது. மறுபடி முன்னால் ஓடிவந்தார். முள் தொண்ணூறில் நின்றது.

பாவம், அவருக்கு மூச்சு வாங்கியது.

"தனியாவா செஞ்சீங்க?"

"வேற யாருங்க இருக்கா? ரெண்டு வருஷமா எல்லாமே தனியாத்தான். சமையல், துணி, மாத்திரை. அவளை ஒரு டம்ளர் தூக்க விட்டதில்லைங்க."

பெருமையாகச் சொல்லத்தான் நினைத்தார். களைப்பாக வந்தது.

தங்கமணி வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க."

"அவளை எதுக்குங்க? அவளால முடியாது!"

நாகரத்தினம் வந்தாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன இடது கையை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"டிரைவர் சீட்டுல உக்காருங்கம்மா. ஆக்சிலேட்டரை அடியோட மிதிங்க. மிதிச்சபடியே சாவியைத் திருப்புங்க."

"ஏனுங்க, மிதிக்கட்டுங்களா?" என்று அவள் புருஷனைக் கேட்டாள்.

"அவரைக் கேக்காதீங்கம்மா. மிதிங்க."

மிதித்தாள். முள் நூற்று ஐம்பத்தைந்துக்கு ஏறியது.

பொன்னுரங்கம் கேஜைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது சிலிண்டரும் அதே அளவு. நாலாவது நூற்று ஐம்பது. மூன்றாவது மட்டும் நூற்றுப் பதினைந்தில் நின்றுகொண்டது.

"மூணாவதுல ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விடுங்க."

அவர் அடுப்படிக்கு ஓடி ஒரு ஸ்பூனோடு வந்தார்.

"பருப்புக்கு நெய் விடற ஸ்பூனுங்க அது!" என்று காருக்குள்ளிருந்து சத்தம் போட்டாள் நாகரத்தினம். அந்த வீட்டில் அப்படி ஒரு அதட்டல் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

ஆயில் விட்டபின் மூன்றாவதும் நூற்று நாற்பத்தைந்து காட்டியது.

"ஆயில் விட்டா ஏறுது. அப்பப் பழுது வால்வுல இல்லைங்கய்யா, பிஸ்டன் ரிங்கு தேய்ஞ்சிருக்கு. அதுவும் அந்த ஒண்ணுல. வேலை இருக்கு, நான் செஞ்சு தர்றேன். ஆனா முடிஞ்சு போகலை."

பொன்னுரங்கம் போனை எடுத்து, உடைக்கிறவனை வரவேண்டாம் என்றார். பிறகு பம்பரின் மேல் உட்கார்ந்தார். நாகரத்தினத்தின் நெற்றி வேர்த்திருந்தது. பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இன்னும் மிதிக்கணுங்களா, அம்மணி?"

"போதுங்கம்மா."

பொன்னுரங்கம் கையிலிருந்த கேஜைத் தூக்கிக் காட்டினார்.

"அதே கேஜு. அதே இஞ்சின். எனக்கு மட்டும் ஏனுங்க தொண்ணூறு காட்டுச்சு?"

தங்கமணி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆக்சிலேட்டரை மிதிச்சாத்தான் காத்து உள்ள போற கதவு தெறக்கும். நீங்க அதை மூடியே வெச்சிருந்தீங்கய்யா. மூச்சு இழுக்க விடாமயே, தெம்பில்லைன்னு முடிவு கட்டிட்டீங்க."