சொம்பில் மிச்சம் வைத்த ஒரு மிடறு

அந்தக் காலத்தில் பறவைக்கும் மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே பேச்சுதான். கழுதைகூட வாயைத் திறந்தால் நியாயம் பேசும். அப்போது ஊசிப்பாறை என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. முப்பது வீடு இருக்கும். ஒரு வீட்டுக்கும் கதவு கிடையாது. படல் ஒன்றைச் சாத்தி வைப்பார்கள், அதுவும் ஆடு நுழையாமல் இருக்கத்தான்.

ஊருக்குள்ளே நாய் காவல். ஊருக்கு மேற்கே, கரட்டு மேட்டில் ஒரு குருவி காவல். மஞ்சள் கால், கறுத்த தலை, வெள்ளை வயிறு. அதற்கென்று தனியாக ஒரு பேர் அப்போது இல்லை. மேட்டுக் குருவி என்பார்கள். அதன் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். சட்டியில் பால் பீய்ச்சுகிற சத்தம் மாதிரி அத்தனை மெதுவாக இருக்கும். புதிதாக ஒரு ஆள் வந்தால் அது கத்தாது. ஓட்டமாக ஓடிவந்து, வேலாத்தாள் என்கிறவளின் காதோரம் நின்று, "ஆத்தா, ஆள் வருதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகும்.

வேலாத்தாளின் காடு அந்த மேட்டை ஒட்டி இருந்தது. காடு என்றால் மரக்காடு இல்லை, மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். குருவிக்குக் கூடு கட்டத் தெரியாது. அவள் காட்டிலேயே நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு, கல் நிறத்திலேயே நாலு முட்டை இட்டு வைத்திருக்கும். வேலாத்தாளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த முட்டைகளைப் பார்க்காமல் அவளுக்கு ஒரு நாள் விடியாது.

ஊசிப்பாறையில் ஒரு வழக்கம் இருந்தது. வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர். அவர் குடித்து முடித்து, சொம்பைக் கல்லின்மேல் கவிழ்த்து வைக்கிற வரைக்கும் "யாரு, எந்த ஊரு" என்று கேட்கக் கூடாது. தாகத்தோடு இருப்பவனைக் கேள்வி கேட்பது பெரிய மரியாதைக் குறைவு. தண்ணீர் கொடுத்தவர்தான் வந்தவருக்குப் பொறுப்பு. வந்தவர் ஏதாவது தப்பு செய்தால், தண்ணீர் கொடுத்தவர் ஊரை விட்டுப் போக வேண்டும். அப்படி ஒருத்தரும் போனதில்லை. அதனால் அந்தப் பாதி வழக்கத்தை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

சித்திரை கடைசியில், பாறை கொதிக்கிற ஒரு மத்தியானம், ஒரு ஆள் இடது காலை இழுத்து இழுத்து வந்தான். வேலாத்தாள் வாசல் வேப்ப மரத்தடியில் வந்து உட்கார்ந்தான்.

"தண்ணி குடுங்க அக்கா."

"இந்தாங்க. மெதுவாக் குடிங்க, பொரை ஏறிக்கும்."

அவன் குடித்தான். அடியில் ஒரு மிடறு இருக்கும்போது நிறுத்தினான். சொம்பைக் கவிழ்க்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"மிச்சத்தை அப்பறம் குடிச்சுக்கறேனுங்க. வகுறு ரொம்பிப் போச்சு."

அந்த அப்புறம் வரவே இல்லை. அன்றைக்கு ராத்திரியும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சொம்பில் மிச்சம் இருக்கிறது, எப்படிக் கேட்பது? வேலாத்தாள் களியும் கீரையும் போட்டாள். ஊர்ப் பெரியவர் காளியண்ணன் வந்து பார்த்துவிட்டு, சொம்பை எட்டிப் பார்த்துவிட்டு, "வெயில் சாஸ்தியா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மேட்டின் மேலிருந்து குருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மூன்றாம் நாள் அதற்கு இரண்டு விஷயம் தட்டுப்பட்டது. ஒன்று, இந்த வெயிலில் ஒரு மிடறு தண்ணீர் எப்படி வற்றாமல் இருக்கிறது? பார்த்தால், யாரும் இல்லாத நேரத்தில் அந்த ஆள் மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளிச் சொம்பில் விடுகிறான். இன்னொன்று, வரும்போது இடது காலை இழுத்தவன், இப்போது வலது காலை இழுக்கிறான்.

குருவி நாயிடம் போனது. "ஏனுங்க மாமா, அந்தாளுக்கு எந்தக் கால் நொண்டி?"

நாய் ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னது: "எந்தக் காலா இருந்தா உனக்கென்ன? தங்கமான மனுசன். எனக்கு எலும்பு போட்டாரு. மூணு வருசமா இந்த ஊர்ல ஒருத்தன் போட்டிருப்பானா?"

குருவி வேலாத்தாளிடம் போனது. காதோரம் நின்றது. வாயைத் திறந்தது. வேலாத்தாள் அப்போது அந்த ஆளுக்காக வேப்பெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "பாவம் அம்மிணி, ராத்திரி பூரா கால் வலின்னு மொனகுறாரு" என்றாள்.

வலி என்கிறவனைப் பொய் என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை இரண்டு காலுமே வலிக்கிறதோ என்னவோ. நாம் சொல்லி, அது தப்பாகப் போனால் அந்த மனுஷன் முகம் என்ன ஆகும்? குருவி வாயை மூடிக்கொண்டது.

"என்ன அம்மிணி, என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லீங்க ஆத்தா" என்று திரும்பிப் போய்விட்டது.

அந்த ஒரு "ஒண்ணுமில்லை" தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மறுநாள் ஊரே ஏரிக்கரை அடைக்கப் போனது. மழைக்கு முன்னால் கரையில் மண் போட்டாக வேண்டும். கூடையும் மண்வெட்டியுமாகப் பெரியவர் சின்னவர் எல்லோரும் கிளம்பினார்கள். நாயும் பின்னாலேயே போனது, கரையில் கட்டுச்சோறு பிரிப்பார்கள் என்று. அந்த ஆள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தபடி, "போயிட்டு வாங்க. ஊரை நான் பார்த்துக்கறேன்" என்றான்.

ஊருக்கு நடுவில் பாறையில் குடைந்த ஒரு குழி. அதில்தான் முப்பது வீட்டு விதையும் இருந்தது. தினை, சாமை, கம்பு என்று வீட்டுக்கு நாலைந்து படி பிடிக்கிற ஒரு சின்ன மூட்டை. மேலே பலகைக் கல் வைத்துச் சாணி மெழுகி இருக்கும். வேலாத்தாளின் மூட்டையில் செந்தினை. அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது, காட்டில் தனியாகச் சிவந்து நின்ற ஒரே ஒரு கதிரைப் பிரித்தெடுத்து, வருஷம் வருஷமாகப் பெருக்கி வைத்தது. வேறு யாரிடமும் அந்த விதை இல்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது குருவி பார்த்தது. அந்த ஆள் இரண்டு கழுதைகளின்மேல் மூட்டைகளை ஏற்றி, மேட்டு வழியாக வருகிறான். கழுதைகளை இத்தனை நாளாகக் கரட்டுக்கு அந்தப் பக்கத்துப் புதருக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறான். இரண்டு காலும் நன்றாகத்தான் நடந்தன. குருவியைக் கண்டதும் வலது கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது.

"விதைக்கு வெயில் காட்டோணும்னு உங்க ஆத்தா சொன்னாங்க சாமி. அந்தப் பாறையில காயப்போட்டுட்டு வந்தர்றேன்."

விதைப்பதற்கு முன்னால் வெயில் காட்டுவது உண்டுதான். ஆனாலும் குருவிக்குச் சந்தேகம் தீரவில்லை. "கரைக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேனுங்க" என்றது.

"மண்ணு சொமக்கறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்றே? நீ மரியாதை தெரிஞ்ச குருவின்னு ஊரே சொல்லுது."

மரியாதை என்றதும் குருவி ஒதுங்கி வழி விட்டது. கழுதைகள் போய்விட்டன.

சாயங்காலத்துக்கு முன்பே வானம் கறுத்தது. மழை வரப்போகிறது, விதையை எடுக்கலாம் என்று சிரித்துக்கொண்டே ஊர் திரும்பியது. குழிக்குள் ஒரு மணி இல்லை.

ஒவ்வொருவராகக் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பாவாயி என்கிறவள்தான் வாயைத் திறந்தாள்.

"களியும் கீரையும் போட்டு வளத்தினியே வேலாத்தா, எங்க உன்ற விருந்தாளி? வேப்பெண்ணெய் போதலையா அவருக்கு?"

காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "வழக்கம்னு ஒண்ணு இருக்குது, வேலாத்தா. தண்ணி குடுத்தது நீ."

 வேலாத்தாள் உள்ளே போய் ஒரு சேலையை மடித்து எடுத்துக்கொண்டாள். வாசலில் அந்தச் சொம்பு இன்னும் இருந்தது, அடியில் ஒரு மிடறோடு. அதையும் எடுத்துக்கொண்டாள். காட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"முட்டையைப் பாத்துக்க அம்மிணி. மழை வந்தா நனையாமப் பாத்துக்க" என்றாள்.

அப்போதுதான் குருவி வெடித்தது.

"ஆத்தாளை அனுப்பாதீங்க! நான் பாத்தேன்! கால் மாறுறதைப் பாத்தேன், சொம்புல தண்ணி ஊத்தறதைப் பாத்தேன், கழுதை போறதையும் பாத்தேன். நாந்தான் சொல்லலை!"

அழுத அழுகையில் அதன் கண்ணோரம் சிவந்து தடித்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னது: "கரட்டுக்கு அந்தாண்ட இருக்கற ஆத்தைத் தாண்டிட்டான்னா அப்பறம் தடம் கெடைக்காது. நான் முன்னால போயி அவனை நிறுத்தி வெக்கறேன். என்ற சத்தத்தைப் புடிச்சுக்கிட்டு நீங்க வாங்க."

"உன்ற சத்தமா?" என்றாள் பாவாயி. "பக்கத்துல நிக்கறவளுக்கே கேக்காதே!"

குருவி அதற்குள் பறந்துவிட்டது.

பாரத்தில் நின்று நின்று வந்த கழுதைகள் அப்போதுதான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அந்த ஆள் மூட்டைகளை இறுக்கிக்கொண்டிருந்தான். குருவி அவனுக்குப் பத்தடி முன்னால் பொத்தென்று விழுந்தது. ஒரு சிறகைத் தரையில் பரப்பி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது. யாரிடம் கற்றுக்கொண்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

"ஊர்ல போயி எல்லாத்தையும் சொல்லப் போறேன்! ரெக்கை ஒடிஞ்சாலும் நடந்தே போயிச் சொல்லுவேன்!"

அவன் பதறிப் போனான். ஒடிந்த குருவிதானே, பிடித்துவிடலாம் என்று பாய்ந்தான். அது ஒரு முழம் தள்ளிப் போனது. மறுபடி பாய்ந்தான். இன்னும் ஒரு முழம். ஒவ்வொரு முழமும் ஊரைப் பார்த்தே போனது. போகப்போக, பிறந்ததிலிருந்து கத்தியறியாத அந்தக் குருவி கத்தியது. பால் பீய்ச்சுகிற குரல் நடுவில் கிழிந்தது. கிழிந்த குரலாலேயே, கரடு முழுக்க எதிரொலிக்கிற மாதிரி, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டது:

"யாரது? யாரது? யாரது?"

ஊர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. கிட்டத்தில் வந்தபோது அந்த ஆள் கடைசித் தடவையாகப் பாய்ந்தான். கால் ஒரு எலி வளைக்குள் போய்த் திருகிக்கொண்டது. "ஐயோ, காலு!" என்று விழுந்தான்.

பாவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இப்ப எந்தக் காலுங்க?" என்றாள்.

பின்னால் நிதானமாக நடந்து வந்த கழுதைகளில் ஒன்று, "இது நெசந்தானுங்க. நொண்டுறப்ப அவுரு இத்தனை அசிங்கமாக் கத்த மாட்டாரு" என்றது.

இளவட்டங்கள் கம்பை ஓங்கினார்கள். வேலாத்தாள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவன் காலைப் பிடித்துப் பார்த்தாள், வீங்கியிருந்தது. தன் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினாள். பிறகு, இவ்வளவு தூரமும் சிந்தாமல் தூக்கி வந்த சொம்பை அவன் கையில் கொடுத்தாள்.

"குடி."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஒரு மிடறைக் குடித்தான்.  பிறகு சொம்பைக் கல்லின்மேல் கவிழ்த்தான்.

"இப்பக் கேக்கறேன். நீ யாரப்பா?"

"சென்னியப்பனுங்க. ஆத்துக்கு அந்தாண்ட ஊரு. மூணு வருசமா மழை இல்லீங்க. விதையையே பொங்கித் தின்னுட்டோம். இந்த வருசம் மழை வருது, விதைக்க ஒண்ணுமில்லீங்க."

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பமே!" என்றார் காளியண்ணன்.

"கேக்கோணும்னா யாருன்னு சொல்லோணுமுங்களே" என்றான் அவன். "விதையைத் தின்னவன்னு என்னத்தைச் சொல்றது?"

 முதல் தூறல் விழுந்தது. வேலாத்தாள் தன் மூட்டையைப் பிரித்து, செந்தினையில் ஒரு படி அளந்து அவன் துண்டில் கட்டினாள். அவளைப் பார்த்துவிட்டுக் காளியண்ணன் ஒரு படி கம்பு போட்டார். பாவாயி முணுமுணுத்துக்கொண்டே அரைப்படி சாமை போட்டாள். மற்றதெல்லாம் கழுதை மேலேயே ஊர் திரும்பியது.

அன்றைக்கே வழக்கத்தை மாற்றினார்கள். முதலில் யாரு என்று கேட்பது, பிறகு தண்ணீர். கேட்டதற்கு அப்புறம் யாராக இருந்தாலும் தண்ணீர் உண்டு.

குருவியின் குரல் மட்டும் திரும்பவில்லை. மறுநாள் வேலாத்தாள் விதைக்க ஏரைப் பூட்டிக்கொண்டு காட்டில் கால் வைத்தாள். குருவி தலைக்கு மேலே வந்து, "யாரது? யாரது?" என்று கத்தியது.

"அடியே, நான்தான்! என்னையுமா கேக்கறே?"

"உங்களையுந்தானுங்க ஆத்தா. மூஞ்சியப் பாத்து நல்லவரு கெட்டவரு கண்டுபிடிக்க எனக்குத் தெரியலீங்க. உங்களைக் கேக்காம விட்டா, நாளைக்கு உங்களாட்டம் சிரிச்சுக்கிட்டு வர்றவங்களையும் விட்டுருவேன். கோவிச்சுக்காதீங்க."

வேலாத்தாள் அண்ணாந்து பார்த்தாள். சிவந்து தடித்த அந்தக் கண்ணோரத்தைப் பார்த்தாள். "கேளு அம்மிணி" என்றாள். "தெனமும் கேளு. தெனமும் சொல்றேன்." சொல்லிவிட்டு, கலப்பையைத் தூக்கி, முட்டைகள் இருந்த இடத்தைச் சுற்றி நாலு முழம் ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்தை உழுதாள்.

அன்று முதல்தான் மேட்டுக் குருவிக்கு ஆள்காட்டி என்று பேர் வந்தது. முட்டையை யாராவது நெருங்கினால் சிறகு ஒடிந்த மாதிரி நடிப்பதும், வருகிறவர் யாரானாலும், காட்டுக்குச் சொந்தக்காரரே ஆனாலும், தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கேட்பதும் அன்று முதல்தான். காட்டில் இறங்குகிறவர்களும் அதன்மேல் கல் எறியாமல், "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே ஏரை ஒதுக்கி ஓட்டுகிறார்கள்.