மணிக்கிடா சொன்ன ஊற்று

முள்வேலி போட்ட பட்டிக்குள் ஆடுகள் தாகத்தில் தவித்துக்கொண்டிருந்தன. காட்டில் ஓடை வற்றிப்போயிருந்தது. மேய்ப்பர் தண்ணீர் தேடிப் போயிருந்தார். "வந்துருவேன். என் குரல் கேட்கிற வரைக்கும் யாரும் வெளியே போகாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

செவலை ஆட்டுக்கு மடி வற்றிவிட்டது. அவள் குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுச் சுருண்டு படுத்தது. அவள் அதை நக்கிக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான் மணிக்கிடா மேட்டில் ஏறினான். அவன் கழுத்தில் மேய்ப்பர் கட்டிய மணி. அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே போய்ப் பழகிய மந்தை அது.

"மேய்ப்பர் என் கனவில் வந்தார்! மேற்கே ஊற்று இருக்காம். எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னார்!"

கனவாவது மண்ணாவது! காலையிலேயே வேலி ஓரம் ஓநாயோடு பேசி முடித்துவிட்டான். மந்தையைக் கொண்டுபோய் விட்டால் ஓநாய்கள் அவனைத் தொடாது. அதுதான் பேச்சு.

"அவர் குரலை நாங்க கேக்கலையே அண்ணே!" என்றாள் செவலை.

"உனக்கு விசுவாசம் பத்தாது! குட்டியைச் சாகடிக்கப் போறியா?"

அந்தச் சொல் அவளை அறுத்தது. ஒரு காலை எடுத்து வைத்தேவிட்டாள். பிறகு குட்டியை முகர்ந்தாள். அது பிறந்த மழைநாளில் மேய்ப்பர் தோளில் கிடந்த துண்டை உருவித் துடைத்தாரே! விட்டுவிட்டுப் போகிறவரா அவர்? செவலை அங்கேயே நின்றாள்.

மணிக்கிடா பட்டி வாசலில் சாத்தியிருந்த படலை முட்டித் திறந்தான். மற்றவை கிளம்பின. வெயிலில் ஆடு தலையைத் தூக்கி நடக்காது. முன்னால் போகிற ஆட்டின் வயிற்று நிழலில் தலையை நுழைத்துக்கொள்ளும். அப்படியே போயின. எங்கே போகிறோம் என்று ஒன்றாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே, பாவிகள்! கொஞ்ச நேரத்தில் மேற்கே அலறல் கேட்டது. செவலை குட்டியை அணைத்துக்கொண்டு அழுதாள்.

பொழுது சாயும்போது "பா... பா..." என்று குரல் வந்தது. மேய்ப்பர்தான்! தோல்பையில் கொண்டுவந்த தண்ணீரால் குட்டியின் வாயை நனைத்தார். அது கண் திறந்தது. பிறகு வெறும் பட்டியைப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மணிக்கிடா மூச்சிரைக்க ஓடிவந்தான். மணியில் ரத்தம்.

"ஐயா, உங்க பேரைச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன்!"

"என் பேரைச் சொன்னே. என் சொல்லைச் சொன்னியா?"

மேய்ப்பர் மணியை அவிழ்த்தார். அவனை வெளியே நிறுத்திவிட்டுப் படலை இழுத்துச் சாத்தினார்.

"ஐயா! திறங்க ஐயா!"

படல் திறக்கவில்லை. புதரை விலக்கிக்கொண்டு ஓநாய் வந்தது.

"என்னைத் தொடமாட்டேன்னு சொன்னியே!" என்று அலறினான் மணிக்கிடா.

"சொன்னேன்" என்றது ஓநாய். "நீகூடத்தான் ஊற்று இருக்குன்னு அவங்ககிட்டச் சொன்னே!"

ஆண்டவர் பெயரைச் சொல்லி மந்தையை ஏமாற்றுகிறவன் அவருடைய நியாயத்தீர்ப்புக்குத் தப்பமாட்டான். அவர் சொல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவரை அவர் கைவிடமாட்டார்.