கண்ணுக்குள் நின்ற முகம்

மௌனசாமிக்குப் பெயரில்தான் மௌனம். கோபம் வந்தால் அவர் குரல் மலையடிவாரச் சந்தை வரை கேட்கும்.

அவருடைய மடத்தில் தியானம் பழக ஒரு முறை உண்டு. சிலையைப் பாதத்திலிருந்து முடிவரை பார்க்க வேண்டும். கண்ணை மூடி, பார்த்ததை உள்ளே எழுப்ப வேண்டும். விட்டுப்போனதை மறுபடி பார்க்க வேண்டும். ஏழு நாளில் சிலை கண்ணுக்குள் குடியேறிவிடும். இதில் சீடன் வைரவநாதனை மிஞ்ச ஆளில்லை.

அந்த வைரவநாதன் ஒருநாள் கொதித்துக்கொண்டு வந்தான்.

மடத்து மாட்டுத் தொழுவத்துக்கு யாரோ தீ வைத்து எட்டு நாளாகியிருந்தது. நாலு பசுக்கள் கட்டிய இடத்திலேயே கருகிப்போயின. தீ வைத்தவன் ஓடியதைப் பார்த்தது இவன் ஒருவன்தான். மறுநாளே கல் உடைக்கும் சடையனைச் சந்தேகத்தில் பிடித்துச் சாவடியில் கட்டிப்போட்டார்கள். நாளை ஊர்ச்சபை. இவன் கை காட்டினால் சடையன் தலை போய்விடும்.

"நாளைக்கு அந்தப் பய தொலைஞ்சான் சாமி. அவன் மூஞ்சி அப்படியே என் கண்ணுக்குள்ள நிக்குது."

"எப்படி நிக்குது? சொல்லு."

"கால் கட்டைவிரல் நகம் பிளந்திருக்கும். முழங்காலுக்குக் கீழ தழும்பு. தட்டை மூக்கு. இடது புருவத்துக்கு மேல ஒரு மச்சம். அதுல ரெண்டு முடி."

சாமியின் முகம் மாறியது.

"அன்னைக்கு ஓடி வந்து என்ன சொன்னே? தலையில ஈரச்சாக்கு போட்டிருந்தான், மூக்குக்குக் கீழதான் தெரிஞ்சுதுன்னு சொன்னியே?"

வைரவநாதன் தடுமாறினான். "சாக்கு இருந்துச்சு சாமி. ஆனா மச்சத்தைப் பார்த்தேன். சத்தியமா பார்த்தேன்."

"தினமும் விடிஞ்சதும் எங்கடா போயிட்டு வர்றே?"

"சாவடிக்கு. முகம் மறந்துடக் கூடாதில்ல? அவன் எதிர்ல உட்கார்ந்து, நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே, பாதத்துலேருந்து..."

சாமி கையிலிருந்த செம்பைச் சுவரில் வீசியெறிந்தார். தண்ணீர் இருவர் மேலும் தெறித்தது.

"அடப்பாவி! கும்பிடுறதுக்குச் சொல்லிக்கொடுத்ததை வச்சு ஒருத்தன் உயிரை எடுக்கப் பார்த்தியே!"

"எனக்கும் வயிறு எரியுது சாமி! செவலை நான் கையில ஏந்தின கன்னு. வெந்து செத்துச்சு. யாரையும் கேட்கக் கூடாதா?"

"கேளு. தீ வச்சவனைக் கேளு. கண்ணை மூடி அவனைக் கொண்டா பார்ப்போம்."

மூடினான். புகை வந்தது. ஓடுகிறவன் வந்தான். சாக்குக்கு அடியில் சடையன் முகம் இருந்தது. உதறிவிட்டு மறுபடி முயன்றான். மறுபடியும் அந்த மச்சம், அந்த இரண்டு முடி. தன் கண்ணைத் தானே பிடுங்கி எறியலாம் போல அவனுக்கு ஆத்திரம் வந்தது.

"வேற முகமே வரமாட்டேங்குது சாமி. நாளைக்குச் சபையில நான் என்னத்தைச் சொல்ல?"

சாமியின் கோபம் இன்னும் தணியவில்லை.

"இவனைப் பார்த்தியான்னு கேப்பாங்க. பார்த்தேன்னு சொல்லு. எங்கேன்னு கேப்பாங்க. சாவடியிலன்னு சொல்லு."